ஸ்க்ரூ இல்லாத கேபிள் கனெக்டர்: எட்டு நாளில் சூடு ஏறுகிறது, தப்பு எங்கே?

கணபதி_பேனல் கேட்டது:

வணக்கங்க. கோயமுத்தூர் கணபதியில் அப்பாவும் நானும் போர் மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் பேனல் கட்டித் தருகிறோம். 5 ஹெச்பி, 7.5 ஹெச்பிதான் அதிகம். இப்போது சொந்தமாக ஒரு கனெக்டர் செய்து பார்க்கிறேன். ஒரு இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துப் படியுங்கள்.

இது ஆரம்பித்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். சித்திரையில் காங்கேயம் பக்கம் மாமா தோட்டத்தில் மோட்டார் நின்றுபோனது. 900 அடியில் இறக்கிய 7.5 ஹெச்பி. ஆட்கள் வண்டியோடு வந்து, பைப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி மேலே எடுக்க ஒரு பகல் முழுதும் ஆனது. காயில் கருகியிருந்தது. ரீவைண்டிங் செய்து மறுபடி இறக்கி முடிக்க ஒன்பது நாள். ஒன்பது நாளும் தென்னைக்குத் தண்ணீர் இல்லை. உதிர்ந்த குரும்பையை மாமா இரண்டு கையிலும் அள்ளிக் காட்டினார், ஒன்றும் பேசவில்லை.

கேபிளைப் பேனலில் திரும்பக் கொடுக்கும்போதுதான் கவனித்தேன். மோட்டாருக்குப் போகும் மூன்று முனையில் நடு முனை மட்டும் வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தது. ஒயரின் தோல் ஒரு விரற்கடை நீளத்துக்கு உருகிச் சுருண்டிருந்தது. டெஸ்டரை வைத்துத் திருப்பினால் ஸ்க்ரூ முக்கால் சுற்று சும்மா சுற்றியது. அந்தப் பேனல் நாங்கள் கட்டியது. அந்த ஸ்க்ரூவை மூன்று வருடம் முன்னால் முடுக்கியது நான். கை வலிக்க முடுக்கினேன், நன்றாக நினைவிருக்கிறது.

நடு ஃபேஸ் விட்டு விட்டு வந்து கடைசியில் அற்றுப்போக, மோட்டார் மீதி இரண்டு ஃபேஸில் ஓடி வெந்துவிட்டது. பேனலில் சிங்கிள் ஃபேஸ் ப்ரிவென்ட்டர், அதாவது ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்திவிடும் சாமான், இருந்தது. ஆனால் நாங்கள் வைத்த வகை, உள்ளே வருகிற லைனின் வோல்டேஜை மட்டும் பார்க்கும். அதைத் தாண்டி, மோட்டார் பக்கத்து முனையில் ஒரு ஃபேஸ் போனால் அதற்குத் தெரியாது. கரண்ட் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயையோ, அடிக்கடி ட்ரிப் ஆகிறதென்று யாரோ திருகி ஏற்றி வைத்திருந்தார்கள்.

அன்றிலிருந்து அந்த முனையை ஸ்க்ரூ இல்லாமல் செய்ய முடியுமா என்பதே யோசனையாக இருக்கிறது. தோட்டத்தில் டெஸ்டர் தேடாமல், ஒயரைச் சீவி உள்ளே விட்டு லிவரை மடக்கினால் முடிந்துவிட வேண்டும். மூன்று வருடம் கழித்துத் திறந்து பார்த்தாலும் அதே பிடி இருக்க வேண்டும். இப்போது செய்திருப்பது இது: 6 சதுர மில்லிமீட்டர் ஃப்ளாட் கேபிளுக்கு 0.8 மில்லிமீட்டர் பித்தளைத் தகட்டை வளைத்து ஒரு தாடை. ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் 3டி பிரின்ட் எடுத்த உடம்பும் லிவரும். லிவரின் அடியில் உள்ள முட்டு, தாடையை ஒயரின் மேல் அமுக்கிப் பிடிக்கும்.

பழைய ட்ரான்ஸ்ஃபார்மர் ஒன்றில் தடித்த ஒயரை நாலு சுற்றுச் சுற்றி, குறைந்த வோல்டேஜில் 15 ஆம்ப் ஓட்டினேன். அறை 31 டிகிரி. முதல் நாள் முனை 58. தினமும் நாலு மணி நேரம் ஓட்டி ஆறவிட்டேன். எட்டாம் நாள் 78. லிவரைத் திறந்து மறுபடி மூடினால் 60க்கு இறங்குகிறது, இரண்டே நாளில் பழையபடி ஏறுகிறது. பித்தளையில் குறையா, லிவரிலா? பட்டறையிலேயே செய்யக்கூடிய சரியான சோதனை என்னென்ன? இதே சாமானைப் போர் வாயிலும் வைக்கலாமா?

குறிச்சி_அச்சுப்பட்டறை எழுதியது:

தம்பி, இரண்டிலும் குறை இருக்கிறது. ஆனால் லிவரைத் திறந்து மூடினால் சூடு இறங்குகிறது என்று ஒரு வரி எழுதினீர்கள் பாருங்கள், அதிலேயே பதிலும் இருக்கிறது. பிடி தளர்கிறது. வேறொன்றுமில்லை.

முனையில் என்ன நடக்கிறது என்று முதலில் பாருங்கள். செம்பும் பித்தளையும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் உள்ளபடி மேடு பள்ளம்தான். இரண்டு உப்புக் காகிதத்தை முகத்தோடு முகம் வைத்தால் சில பொரிகள் மட்டும் முட்டும் அல்லவா, அதுபோல உண்மையில் தொடுவது சில புள்ளிகள்தான். அமுக்கினால் அந்தப் புள்ளிகள் நசுங்கி அகலமாகும், ரெசிஸ்டன்ஸ் குறையும். அமுக்கம் குறைந்தால் புள்ளிகள் குறையும், அந்த இடம் சுடும், சூட்டில் செம்பு கருத்து இன்னும் குறையும். மாமாவின் நடு முனையில் மூன்று வருடமாக நடந்தது இதுதான்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் பளிச்சென்று தெரியும். 15 ஆம்பில் முனையின் ரெசிஸ்டன்ஸ் 1 மில்லிஓம் என்றால் வீணாவது 0.225 வாட். கையில் தெரியாது. அதுவே 20 மில்லிஓம் ஆனால் 4.5 வாட். படுக்கையறையில் போடும் சின்ன நைட் லாம்பின் மொத்த சூட்டையும் தீப்பெட்டிக்குள் அடைத்தாற்போல. உங்கள் 78 டிகிரியைப் பார்த்தால் அந்தப் பக்கமாகத்தான் போய்க்கொண்டிருக்கிறீர்கள்.

இப்போது உங்கள் டிசைன். பித்தளை கரண்டை நன்றாகக் கடத்தும், ஆனால் சூடு படப்பட விறைப்பை விட்டுவிடும். நீங்கள் அதனிடம் இரண்டு வேலை கேட்கிறீர்கள், கடத்தவும் வேண்டும், அமுக்கவும் வேண்டும். இது முதல் தப்பு. இரண்டாவதுதான் பெரிய தப்பு. லிவர் முட்டுக் கொடுத்து அமுக்குகிறது என்றால், அந்தப் பாரம் பிளாஸ்டிக் வழியாக இறங்குகிறது என்று அர்த்தம். தொடர்ந்து பாரம் ஏற்றிய பிளாஸ்டிக் மெல்ல மெல்லக் கொடுத்துவிடும். சூட்டில் இன்னும் சீக்கிரம். பிடிக்கிற பாரத்தின் பாதையில் பிளாஸ்டிக் இருக்கவே கூடாது.

வேலையைப் பிரித்துக் கொடுங்கள். அமுக்குவதற்கு ஸ்டெயின்லெஸ் ஸ்பிரிங் தகடு, 301 என்ற ரகத்தில் முழு விறைப்பு. கடத்துவதற்கு வெள்ளீயம் பூசிய செம்புப் பட்டை. லிவர் ஸ்பிரிங்கைத் திறக்க மட்டும்தான். மூடிய பிறகு லிவருக்கு ஒரு வேலையும் இல்லாமல் லொடலொடவென்று இருக்க வேண்டும். ஸ்பிரிங் தானாகவே ஒயரைச் செம்பின் மேல் அமுக்கிக்கொண்டிருக்கும். ஜெர்மனியில் வாகோ கம்பெனி 1977இல் கொண்டுவந்த கேஜ் கிளாம்ப் என்ற ஸ்பிரிங் முனையின் உயிரே இந்தப் பிரிவினையில்தான். இன்று கடையில் கிடைக்கும் அவர்களுடைய லிவர் கனெக்டர் ஒன்றை வாங்கி அறுத்துப் பாருங்கள். அறுத்ததைக் கையில் வைத்துக்கொண்டு லிவரை மெதுவாக மடக்கினால், எந்த இடத்தில் லிவர் ஸ்பிரிங்கை விடுகிறது என்று கண்ணாலேயே தெரியும். அதைப் பார்த்துப் புரிந்துகொள்ளுங்கள், அச்சடித்தாற்போல் எடுக்காதீர்கள். பேட்டன்ட் விஷயம் தனியாக இருக்கிறது.

ஸ்க்ரூவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீங்கள் கை வலிக்க முடுக்கியும் தளர்ந்தது உங்கள் குற்றமல்ல. பல இழை ஒயரை ஸ்க்ரூவின் கீழ் வைத்தால் அடுத்த சில நாளில் இழைகள் நகர்ந்து படியும். மோட்டார் ஓடும்போது சூடாகி விரியும், நின்றால் சுருங்கும். ஒயர் ஒரு மயிரிழை மெலிந்தாலும் ஸ்க்ரூ அதன் பின்னால் இறங்கி வராது. ஸ்பிரிங் வரும். 1937இல் இந்த ஊரில் மோட்டார் செய்ய ஆரம்பித்தது முதல் முனை என்றால் நமக்கு ஸ்டட், வாஷர், நட்டுதான். மறுநாள் வந்து இன்னொரு தரம் முடுக்குகிற ஆள் இருந்தவரை அது சரியாக ஓடியது. ஒயர் நுனிக்கு ஈயம் பற்றவைத்து ஸ்க்ரூவில் கொடுக்கிறவர்களைப் பார்த்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். ஈயம் அமுக்கத்தில் வழிந்து இடம் கொடுக்கும், இழையாக விட்டதைவிட மோசம்.

சோதனைக்கு வருகிறேன். 15 ஆம்பில் ஓட்டிப் பார்த்தது போதாது. ஒயர்களைச் சேர்க்கும் டெர்மினல் பிளாக்குக்கு உள்ள தர விதி ஐஎஸ்/ஐஈசி 60947-7-1இல் 6 சதுர மில்லிமீட்டருக்குச் சோதனைக் கரண்ட் 41 ஆம்ப். அதில் அறைச் சூட்டைவிட 45 டிகிரிக்கு மேல் ஏறக்கூடாது. நீங்கள் 15 ஆம்பிலேயே 47 ஏறிவிட்டீர்கள். அடுத்து, அந்தக் கரண்டில் பத்தில் ஒரு பங்கு, 4.1 ஆம்ப் செலுத்தினால் முனையின் குறுக்கே 3.2 மில்லிவோல்ட்டுக்கு மேல் விழக்கூடாது. இந்த இரண்டாவதை ஒரு நல்ல மீட்டரிலேயே பார்த்துவிடலாம், ஐந்து நிமிட வேலை. சூடேற்றுவதற்கு முன்னும் பின்னும் பாருங்கள். எண் நகர்ந்தால் டிசைன் இன்னும் தயாராகவில்லை.

பிடிமானத்துக்கு: ஒயரில் 1.4 கிலோ எடையைத் தொங்கவிட்டு, நிமிடத்துக்குப் பத்து சுற்று வீதம் 135 சுற்று வட்டமாகச் சுற்ற வேண்டும். கையால் சுற்றினாலும் பதிமூன்றரை நிமிடம்தான். அது முடிந்த கையோடு 80 நியூட்டன், அதாவது எட்டுக் கிலோவுக்குச் சற்று மேல், ஒரு நிமிடம் இழுக்க வேண்டும். ஒயர் நழுவவும் கூடாது, இழை அறவும் கூடாது.

காங்கேயம்_மோட்டார்_செட் எழுதியது:

தம்பி, நான் மோட்டார் தூக்கி இறக்குகிறவன். இருபது வருடமாகிறது. பேனலுக்குச் செய்யுங்கள், நல்ல காரியம். போருக்குள் இறங்கும் ஜாயின்ட்டுக்கு மட்டும் இதை நினைக்கவே வேண்டாம். தண்ணீருக்குள் போவதற்குச் செம்புக் குழாய் போட்டு க்ரிம்ப் செய்து, ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றி, மேலே பிவிசி டேப். பிறகு ஜாயின்ட்டை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, கரண்ட் கசிகிறதா என்று மெக்கர் மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் நாங்கள் இறக்குவோம். அங்கே அவசரம் உதவாது.

போர் வாயில் ஒரு பிளக் இருந்தால் எங்களுக்குப் பெரிய உபகாரம்தான். இப்போது ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் கேபிளை வெட்டி, இறக்கிய பிறகு முறுக்கி டேப் சுற்றுகிறார்கள். மூன்று தடவை தூக்கினால் மூன்று முடிச்சு. பிளக் வைத்தால் ஒரே ஒரு விதமாகத்தான் உள்ளே போக வேண்டும், காடியோ கட்டையோ வைத்துவிடுங்கள். இரண்டு ஃபேஸ் மாறினால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும், தண்ணீர் குறைவாக வரும். போரில் தண்ணீர் இல்லை என்று நினைத்து இன்னும் இருபது அடி இறக்கச் சொன்ன தோட்டங்காரரைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், பேனல் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பின் இருக்கவே கூடாது. கரண்ட் வருகிற பக்கம் குழி, மோட்டார் பக்கம் பின். கழற்றிப் போட்ட பிளக்கை ஈரக் கையால் எடுக்கிறவர்கள் நாங்கள்.

உங்கள் லிவர் முனையில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. கேபிளின் பாரம். தோட்டத்தில் மாடு கயிற்றோடு கேபிளையும் சேர்த்து இழுத்துவிடும், வாய்க்கால் வெட்டுகிறவர் மண்வெட்டியில் கோர்த்துவிடுவார். அந்த இழுப்பு ஒயர் முனை வரை போகாமல், பெட்டிக்குள் நுழையும் இடத்திலேயே கேபிளின் மேல்தோலை ஒரு கிளாம்ப் பிடிக்க வேண்டும். அந்த ஓட்டையையும் இறுக்கமாக அடையுங்கள். பல்லி உள்ளே போய் இரண்டு முனைக்கு நடுவே கருகிக் கிடந்த பெட்டியை எத்தனை திறந்திருப்பேன்! எறும்பு இன்னும் மோசம், மோட்டாருக்குக் கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் கான்டாக்டருக்குள் போய்விடும்.

சிங்காநல்லூர்_வயரிங் எழுதியது:

நான் பேனல் வயரிங் செய்கிறேங்க, பதினோரு வருடமாக. கை படுகிற பக்கத்தைச் சொல்கிறேன்.

6 சதுர மில்லிமீட்டர் ஒயரைச் சீவும்போது ஒன்றிரண்டு இழை எப்போதும் விலகி நிற்கும். ஸ்க்ரூ முனையில் அதை விரலால் முறுக்கி உள்ளே தள்ளிவிடுவோம். உங்கள் கனெக்டரில் வாய் சதுர விளிம்பாக இருந்தால் அந்த இழை விளிம்பில் தட்டி வெளியே மடங்கி நிற்கும், முடி மாதிரி இருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. பக்கத்து முனையைத் தொட்டால் போச்சு. வாயைப் புனல் மாதிரி உள்வாங்கச் செய்யுங்கள். மூன்று வாய்க்கும் நடுவே தடுப்புச் சுவரை வெளியேயும் கொஞ்சம் நீட்டி விடுங்கள்.

எவ்வளவு சீவ வேண்டும் என்பதை உடம்பின் மேலேயே ஒரு கோடாகப் போடுங்கள், ஒயரைப் பக்கத்தில் வைத்து அளந்து சீவலாம். குறைவாகச் சீவினால் தாடை தோலைப் பிடிக்கும். இழுத்துப் பார்த்தால் வராது, அதனால் நன்றாக இருப்பதாகவே தோன்றும். இதுதான் ஸ்க்ரூ இல்லாத முனையில் எனக்கு இருக்கிற பயம். ஒயர் நுனி கடைசி வரை போய்விட்டதா என்று பார்க்க, பின்பக்கம் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் மாதிரி வேண்டும். செம்பு அங்கே தெரிந்தால்தான் லிவரை மூடுவோம்.

லிவர் மூடும்போது டக்கென்று ஒரு சத்தம் கேட்கட்டும், விரலிலும் தெரியட்டும். பாதி மூடிய லிவர் தனியாக எழும்பி நிற்க வேண்டும். மூடியதும் பாதி மூடியதும் ஒரே மாதிரி தெரிந்தால், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் கட்டுகிற பேனலில் ஒன்று நிச்சயம் தப்பும். லிவரைத் தூக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பதை உங்கள் கையில் பார்க்காதீர்கள். ஒரு நாளைக்கு நூறு முனை போடுகிற கட்டைவிரலில் பாருங்கள். மீட்டர் முள் நுழைகிற மாதிரி ஒரு சின்ன ஓட்டையும் வேண்டும், செக் செய்ய ஒயரைக் கழற்ற வைக்காதீர்கள்.

கணபதி_பேனல் திரும்ப எழுதியது, ஆறு வாரம் கழித்து:

அண்ணா, அக்கா, எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றாகச் செய்தேன். வாகோ லிவர் ஒன்றைக் குறுக்கே அறுத்தேன். லிவர் ஸ்பிரிங்கை விட்டு விலகும் அந்த இடத்தைப் பார்த்த பிறகுதான் அண்ணன் சொன்ன பாரத்தின் பாதை எனக்கு முழுசாகப் புரிந்தது. எட்டு நாள் நான் பிளாஸ்டிக்கைத்தான் சோதித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இப்போது 301 தகட்டில் ஸ்பிரிங், வெள்ளீயம் பூசிய செம்புப் பட்டை. லிவர் திறக்க மட்டும். 41 ஆம்பில், அறை 30 டிகிரி இருக்கும்போது முனை 66இல் நிற்கிறது. 36 டிகிரி ஏற்றம். தினமும் ஓட்டி ஆறவிட்டு மூன்று வாரம் ஆகிறது, 67ஐத் தாண்டவில்லை. 4.1 ஆம்பில் முதல் நாள் 2.1 மில்லிவோல்ட், நேற்று 2.2. 135 சுற்றும் கையால் சுற்றினேன். பிறகு கடையில் எட்டரைக் கிலோ அரிசியை நிறுத்து மஞ்சப் பையில் கட்டித் தொங்கவிட்டேன். பை ஆடாமல் நின்றது, ஒயர் நழுவவில்லை.

பெட்டி வெயிலில் நிற்கும் என்பதையும் கணக்கில் எடுத்தேன். மாமா தோட்டத்து இரும்புப் பெட்டிக்குள் மதியம் இரண்டு மணிக்கு 52 டிகிரி காட்டியது. அதனால் கடைசி உடம்புக்கு ஏபிஎஸ் வேண்டாம், கண்ணாடி இழை சேர்த்த நைலான் 66, தீப்பிடித்தாலும் தானே அணையும் வி-0 தரம் என்று முடிவு செய்திருக்கிறேன். புனல் வாய், சீவல் கோடு, ஜன்னல், மீட்டர் ஓட்டை எல்லாம் வந்துவிட்டன. எங்கள் பட்டறையில் வயரிங் செய்யும் அக்காவிடம் கொடுத்தேன். ஸ்க்ரூவில் மூன்று முனைக்கு நாலு நிமிடம் எடுத்தவர் இதில் ஐம்பது வினாடியில் முடித்தார். பாதி மூடிய லிவரைத் தடவிப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். போர் வாய் பிளக்கை இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறேன், அதைத் தனியாக யோசிக்க வேண்டும். ப்ரிவென்ட்டரையும் இனிமேல் மோட்டார் கரண்டைப் பார்க்கும் வகையாகவே வைக்கிறோம். எவ்வளவு நல்ல முனையாக இருந்தாலும் அது வேண்டும்.

ஒரே ஒரு பிரச்சினை மிச்சம். லிவரை 200 தடவை திறந்து மூடினேன். பன்னிரண்டு ஸ்பிரிங்கில் இரண்டு, மடிப்பில் கீறல் விட்டுவிட்டன. தகடு ஒன்றுதான், மடித்த அச்சும் ஒன்றுதான். மீதிப் பத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

குறிச்சி_அச்சுப்பட்டறை எழுதியது:

எண்கள் நன்றாக இருக்கின்றன தம்பி. 2.1 போய் 2.2 ஆனது பற்றிக் கவலை வேண்டாம், அதற்குமேல் நகராமல் நின்றால் சரி.

கீறலுக்கு இரண்டு காரணம் இருக்கலாம். தகடு மில்லில் உருண்டு வந்த வாக்கு என்று ஒன்று உண்டு, லென்ஸில் பார்த்தால் மெல்லிய கோடாகத் தெரியும். மடிப்பு அந்தக் கோட்டுக்குக் குறுக்கே விழ வேண்டும். கோட்டோடு சேர்ந்து விழுந்தால் விறகை நார்ப்பக்கமாகப் பிளந்த மாதிரி கீறிவிடும். மிச்சத் துண்டில் இடம் பார்த்து அந்த இரண்டை மட்டும் திருப்பி வெட்டினீர்களா? இல்லை என்றால் பிசிறைப் பாருங்கள். பஞ்சில் வெட்டும்போது ஒரு பக்கம் பிசிறு எழும்பும். அந்தப் பக்கம் மடிப்பின் உள்வளைவுக்குப் போக வேண்டும். வெளிவளைவுக்கு வந்தால் இழுபடுகிற இடத்தில் பிசிறே கீறலுக்கு வழி விட்டுவிடும். உடைந்த இரண்டையும் எறியாதீர்கள். புதன்கிழமை மதியத்துக்கு மேல் பட்டறையில்தான் இருப்பேன், நல்லது பத்தையும் சேர்த்து எடுத்து வாருங்கள்.